பெட்ரோல் முள்

மோட்டார்க் காரின் உறுப்புகளில் மிக அதிகமாக வசவு வாங்குவது எது? எஞ்சின் அல்ல. எஞ்சின் மக்கர் செய்தால் மனிதன் கவலைப்படுகிறான். பிரேக் மக்கர் செய்தால் கடவுளைக் கூப்பிடுகிறான். டாஷ்போர்டின் ஒரு மூலையில், தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருக்கும் பெட்ரோல் முள் மக்கர் செய்தால் மட்டும் அதைப் 'பொய்யன்' என்கிறான். பழைய கார் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரு பாட்டமே பாடுவார்கள். மேடு ஏறினால் முக்கால், இறங்கினால் கால், வலப்பக்கம் திரும்பினால் காலி, விளக்கைப் போட்டால் வேறொரு கணக்கு.

இந்த வசவு நியாயமல்ல என்பது என் அபிப்பிராயம். அந்த முள் பெட்ரோலைப் பார்த்ததே கிடையாது. டாங்கி பின்னால் எங்கேயோ இருக்கிறது. முள் முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மிதவை, ஒரு கம்பிச் சுருள், ஓர் ஒயர், நாலைந்து இணைப்புகள். அவை சொன்னதைத்தான் முள் நமக்குச் சொல்கிறது. தூது தவறினால் தூது கேட்டவன் மேல் பழி போடுகிறோம். இந்தத் தூது எப்படி ஏற்பட்டது என்பது ஒரு சுவாரஸ்யமான சரித்திரம். அதற்கும் நம் சென்னைப் பட்டணத்துச் சுற்றுப்புறத்துக்கும் உறவு உண்டு.

சென்னையிலிருந்து பெங்களூர் ரஸ்தாவில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் செம்பரம்பாக்கம் வரும். அப்புறம் தண்டலம். (தமிழ்நாட்டில் தண்டலம் என்று பல ஊர்கள் உண்டு, நான் சொல்வது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தண்டலம்.) அதற்கு அடுத்தது இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990-ல் திறக்கப்பட்ட மோட்டார்ப் பந்தயத் தடம் ஒரு பக்கம். 1998 முதல் கார்களை வெளியே அனுப்பிக் கொண்டிருக்கும் ஹுண்டாய் தொழிற்சாலை இன்னொரு பக்கம். தெற்கே ஒரகடம் போனால் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள். புதுக் கார்கள் லாரிகளில் அடுக்கடுக்காக ஏறிப் போகின்றன. பந்தய நாட்களில் அதே ரஸ்தாவில் ஐம்பது அறுபது வயதான கார்களும் மெள்ள வந்து சேருகின்றன. தண்டலத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பெட்ரோலில்லாமல் நின்றால், அதைச் சுற்றிப் பத்து மைலுக்குள் லட்சக்கணக்கான பெட்ரோல் முட்கள் ஆண்டுதோறும் மாட்டப்படுகின்றன. அதற்குப் பொருந்தும் முள் மட்டும் அவற்றில் ஒன்றும் இராது.

செம்பரம்பாக்கம் ஏரியின் ஆழம் 24 அடி. நிறைந்ததா, குறைந்ததா என்று பார்க்கத் தண்ணீரிலேயே நிற்கிறது அளவுகோல். கண்ணுள்ளவன் படித்துக் கொள்ளலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஏற்பட்ட சர்ச்சையெல்லாம், தண்ணீரை எப்போது, எவ்வளவு திறந்து விட்டிருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். கோல் பொய் சொல்லிற்று என்று யாரும் சொல்லவில்லை. நேரே நின்று பார்க்கிற அளவுக்கு இருக்கும் மரியாதை அது. மோட்டார்க் காரும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது.

1903-ல் சென்னை சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டினார். நீராவி யந்திரக்காரனுக்குக் கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் கொதிகலன்களில் ஒரு கண்ணாடிக் குழாய் வைப்பது வழக்கம். உள்ளே எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு குழாயிலும் நிற்கும். நடுவில் தூதன் கிடையாது. பெட்ரோல் கார்கள் வந்தபோது கண்ணாடியும் போயிற்று, குச்சி வந்தது. ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளிய 'மாடல் டி' காரில் டாங்கி முன் ஆசனத்துக்கு அடியிலே இருந்தது. பெட்ரோல் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் ஆசனத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டும், மெத்தையைத் தூக்க வேண்டும், மூடியைத் திறந்து குச்சியை விட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் மாமனாராக இருந்தால் சங்கடம்தான். ஆனால் குச்சி நனைந்த இடம் சத்தியம். பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு வழிந்து போகும் ஏற்பாடு ஆகையால், குறைந்த பெட்ரோலோடு செங்குத்தான மேட்டில் ஏறினால் வண்டி நின்று விடும். விஷயம் தெரிந்தவர்கள் காரைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றுவார்கள்.

அடுத்து வந்த 'மாடல் ஏ'யில் டாங்கி டாஷ்போர்டுக்குப் பின்னாலேயே வந்து விட்டது. மிதவையின் ஆட்டத்தை ஓட்டுகிறவர் ஒரு சிறு ஜன்னல் வழியாக நேரே பார்த்தார். முழங்காலுக்கு முன்னால் பத்துக் காலன் பெட்ரோலை வைத்துக்கொண்டு பிரயாணம் செய்வது அவ்வளவு நிம்மதியான சமாசாரம் அல்ல. டாங்கி வண்டியின் பின்புறத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து செய்தி கொண்டுவர முதலில் காற்றைத் தூது விட்டார்கள். டாங்கியின் அடியில் ஒரு மெல்லிய குழாய். பெட்ரோலின் கனம் அதிலுள்ள காற்றை அழுத்தும். டாஷ்போர்டில் ஒரு வர்ணத் திரவம் ஏறும், இறங்கும். பிரமாதமான யோசனைதான். எங்கேயாவது ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் யோசனை அத்தனையும் காற்றில் போய்விடும்.

வேறு சிலர் தூதே வேண்டாம் என்று விட்டு விட்டார்கள். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 'வண்டு' 1960-களின் துவக்கம் வரை பெட்ரோல் முள் இல்லாமலேதான் ஓடிற்று. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் இருமினால் காலால் ஒரு பிடியைத் திருப்பி 'ரிசர்வ்' பெட்ரோலைத் திறந்து விட வேண்டும். இந்த வித்தையைத் தமிழனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிள் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. மாதக் கடைசியில், "ரிசர்வில் ஓடுகிறது ஐயா!" என்று பர்ஸைத் தட்டிக் காட்டுவதற்கும் அதுதானே மூலம்?

எம்.ஜி. கம்பெனியின் 'டி.ஸி.' என்ற அழகான ஸ்போர்ட்ஸ் கார் 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வரை செய்யப்பட்டது. அதிலும் முள் இல்லை. டாங்கியில் இரண்டு மூன்று காலன் மிச்சமாகும்போது ஒரு சிறு விளக்கு எரியும். விளக்கு எரியாவிட்டால் பெட்ரோல் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பல்பு ஃபியூஸாகி விட்டாலும் விளக்கு எரியாது. அப்போதும் 'நிறைய இருக்கிறது' என்றுதானே அர்த்தம் கொள்வோம்? ஒரு கருவி கெட்டுப் போகும்போது எந்தப் பக்கம் சாய்ந்து கெடுகிறது என்பதே முக்கியம். கவலைப்படச் சொல்லிக் கெட்டால் நஷ்டமில்லை. கவலைப்படாதே என்று சொல்லிக் கெட்டால் நடு ரஸ்தாவில் நிற்க வேண்டியதுதான்.

இனி மின்சாரத் தூதைப் பார்க்கலாம். டாங்கிக்குள் ஒரு மிதவை. அதன் கை மேலும் கீழும் ஆடும்போது ஒரு கம்பிச் சுருளின் மேல் உராய்ந்து போகிறது. மிதவையின் இடத்துக்குத் தக்கபடி மின்சாரத்துக்கு இருக்கும் தடை கூடும், குறையும். அவ்வளவுதான் டாங்கியின் பக்கம். டாஷ்போர்டின் பக்கம் இரண்டு ஜாதி உண்டு.

பழைய ஜாதியில் முள்ளுக்கு இரு பக்கமும் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று 'காலி' பக்கம் இழுக்கும். மற்றது 'நிறைவு' பக்கம் இழுக்கும். இரண்டு தாயாதிகள் ஒரு வரப்பை இழுப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டுக்கும் சாப்பாடு ஒரே பாட்டரியிலிருந்துதான். ஆகையால் பாட்டரியின் பலம் ஏறி இறங்கினாலும் கணக்கு மாறாது. டாங்கி காலியாகும்போது தடை பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். நிறைந்தால் எழுபது, தொண்ணூறு ஓம் என்று ஏறும். இந்த முள் மகா சுறுசுறுப்பு. டாங்கியில் பெட்ரோல் அலைந்தால் முள்ளும் அலையும். வளைவில் ஆடுகிறதே என்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் சொல்லும் குறையில் பாதி, உண்மையில் குறையே அல்ல. உள்ளே பெட்ரோல் ஆடுகிறது, அதை அது சொல்லுகிறது.

புதிய ஜாதி பிரிட்டிஷ் கார்களில் 1960-களில் பரவியது. இதில் இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி ஒரு கம்பி. மின்சாரம் போனால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். சூடாக நேரம் வேண்டுமல்லவா? ஆகையால் முள் நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். அலையெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் இந்தச் சாதுவுக்குச் சாப்பாடு ஒரே அளவாக வந்தாக வேண்டும். அதற்காக டாஷ்போர்டுக்குப் பின்னால் 'ஸ்டெபிலைசர்' என்று ஒரு சிறு தகரப் பெட்டி. அதுவும் ஒரு வளையும் பட்டைதான். விட்டு விட்டு மின்சாரத்தைத் தட்டி, சராசரி 10 வோல்ட்டாக்கி அனுப்பும். இந்த ஜாதியில் தடையின் கணக்கும் தலைகீழ். காலியில் 250 ஓம் போல; நிறைந்தால் 20 ஓம் போல.

தலைகீழ் என்பதால் வியாதியின் லட்சணமும் தலைகீழ். டாங்கியிலிருந்து வரும் ஒயர் அறுந்தால் பழைய ஜாதி முள் 'நிறைவு' என்று போய் நிற்கும். புதிய ஜாதி 'காலி' என்று படுத்துவிடும். அந்த ஒயர் வண்டியின் உடம்பில் பட்டு ஷார்ட் ஆனால் பழையது காலி, புதியது நிறைவு. ஒயர் அறுவதும் எர்த் விட்டுப் போவதும்தான் அதிகம் நடப்பவை. அந்தச் சந்தர்ப்பத்தில் பழைய ஜாதி, எம்.ஜி.யின் விளக்கைப் போல, ஆசை காட்டி மோசம் செய்கிறது. சுறுசுறுப்பும் நேர்மையும் அதனிடம் இருந்தாலும், தனிமையான ரஸ்தாவில் ராத்திரிப் பிரயாணம் போக என்னைக் கேட்டால் மந்தமான அந்தப் புதிய ஜாதியையே தேர்ந்தெடுப்பேன்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு நம் தேசத்தில் எவ்வளவு தொல்லை கொடுக்கக் கூடியது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1954 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுப் போய்விட்டன. உதிரி பாகங்களைக் கொண்டுவந்து மாட்டி விற்றால் போதாது, இங்கேயே செய்ய வேண்டும் என்று சர்க்கார் கட்டளை. சென்னையில் 1948-ல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அந்தக் கட்டளைக்குள் நிலைத்து நின்ற சிலவற்றில் ஒன்று. தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் வந்தன. இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அவரே 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் உருவம் வரைந்தார். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே வம்சத்து எஞ்சினைக் கூர் தீட்டிச் செய்த கார் அது. ஆக, சென்னையில் டாக்டர்களும் வக்கீல்களும் குடும்பத்தோடு போன ஹெரால்டு, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

அந்த உறவை நம்மவர்கள் சும்மா விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் சோழவரத்தில் போட்ட விமானத் தளம் போருக்குப் பின் பந்தயத் தடமாயிற்று; 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. ஹெரால்டுகளும் ஓடின, ஹெரால்டு எஞ்சினைப் பிடுங்கித் தாங்களே கட்டிய குட்டிக் கார்களும் ஓடின. வெளிநாட்டுச் சாமான்களுக்கு லைசென்ஸ் கிடைக்காத காலம். ஒரு காரின் டாங்கி யூனிட்டை இன்னொரு காருக்கு, அதன் மீட்டரை மூன்றாவது காருக்கு என்று மாற்றி மாற்றிக் கட்டினால்தான் வண்டி உயிரோடு இருக்கும். ஒரு ஜாதி மீட்டருக்கு மறு ஜாதி டாங்கி யூனிட்டை மாட்டினால் என்ன ஆகும்? பெட்ரோல் ஊற்ற ஊற்ற முள் காலியை நோக்கி இறங்கும்! தெய்வ சாபம் என்று நினைத்தவர்கள் இருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1988 வாக்கில் கார் செய்வதை நிறுத்தியது. ஆலை போனாலும் வண்டிகள் இருக்கின்றன. வண்டிகளைத் தெரிந்த கைகள் சில இருக்கின்றன. பெங்களூர் ரஸ்தா ஓரத்தில், தண்டலம் பக்கம், ஓர் ஓலைச் சார்ப்புக்குக் கீழே அப்படி ஒரு பெரியவரின் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பிட்ஃபயர் ஒன்றைப் புத்தம் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொண்டு வந்திருந்தார் ஓர் இளைஞர்.

"பாய், புது மீட்டர் போட்டாச்சு. டாங்கி யூனிட்டும் புதுசு. அப்பவும் முள் படுத்தே கிடக்குது. சில சமயம் துள்ளுது" என்றார் இளைஞர்.

"ரெண்டும் புதுசுன்னா நடுவுல இருக்கிறதுதானே சார் பழசு?" என்றார் பெரியவர். "டாங்கிக்கும் பெயின்ட் அடிச்சீங்களா?"

"மூணு கோட்டு அடிச்சேன் பாய்."

"அதான். எர்த்து எங்கே பிடிக்கும்?"

திருகுகளின் அடியில் பெயின்டைச் சுரண்டினார். டாங்கி யூனிட்டின் விளிம்பிலிருந்து வண்டியின் சட்டத்துக்குத் தனியாக ஓர் ஒயர் கட்டினார். முள் மெள்ள எழுந்து அரையில் நின்றது. மீட்டர், டாங்கி யூனிட் இரண்டுக்கும் செலவான பணத்தை நினைத்து இளைஞர் பெருமூச்சு விட்டார். ஒயரின் விலையைப் பெரியவர் கேட்கவேயில்லை. கைக்கூலி மட்டும் வாங்கிக் கொண்டார்.

அவர் வேலை செய்யும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் முள்ளின் நடத்தையைத்தான் விசாரிக்கிறார். பெட்ரோல் முள்ளும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் சேர்ந்து உயர்ந்தால் டாங்கியைத் தொடவே வேண்டாம். ஸ்டெபிலைசர் கெட்டிருக்க வேண்டும், அல்லது அதன் எர்த் விட்டிருக்க வேண்டும். பாட்டரியின் 12 வோல்ட் அப்படியே உள்ளே வருகிறது. விளக்கைப் போட்டால் முள் ஆடுகிறது என்றால், பின்விளக்கும் டாங்கியும் ஒரே துருப்பிடித்த எர்த்தைப் பங்கு போட்டுக் கொண்டிருக்கின்றன. மற்ற இடத்திலெல்லாம் சரியாக இருந்து, அரைக்கும் காலுக்கும் நடுவில் மட்டும் முள் குதித்தால் கம்பிச் சுருள் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. ஏன் அந்த இடம்? பலரும் எப்போதும் அரை டாங்கிக்குக் குறைவாகவே ஓட்டுகிறோம். மிதவையின் கை அங்கேயே முப்பது வருஷம் உராய்ந்திருக்கிறது. நடுத்தர வர்க்கத்தின் பட்ஜெட் ஒரு கம்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறது என்று சொல்லலாம். டாங்கியை நிரப்பியும் முள் முக்காலைத் தாண்டாவிட்டால் மிதவையில் ஓட்டை. பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிட்டது. வெளியே எடுத்துக் காதோரம் குலுக்கினால் உள்ளே சலசலக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகே டாங்கியைத் திறப்பது. அதுவும் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு. இருட்டில் டாங்கிக்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சி கிழித்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் பெட்ரோல் அளவைத் தெரிந்து கொண்டார்களா என்பதை மற்றவர்கள் தெரிந்து கொள்ள முடியவில்லை.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. 2025-லிருந்து தேசம் முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே சாதாரணமாகக் கிடைக்கிறது. மிகப் பழைய கார்களில் மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் ஊறாமலிருக்க அதன் மேல் அரக்கு பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது. எத்தனாலில் நன்றாகக் கரையும். தச்சுப் பட்டறையில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறார்களே, அதே சங்கதி. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் நிற்கும் காரின் டாங்கிக்கு அது நல்லதல்ல. துரு, தேய்மானம், எர்த் என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கொள்ளும்.

பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் புதுக் கார்களிலும் டாங்கிக்குள் அநேகமாக அதே மிதவைதான், அதே தடைதான். நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து கொண்டு, மிதவை சொல்லும் அலைச்சலையெல்லாம் சலித்து எடுத்து, இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று கண்ணியமாக அறிவிக்கிறது. பாட்டரிக் கார்களில் அதுவும் இல்லை. குச்சி விட்டுப் பார்க்க உள்ளே ஒன்றும் நிற்பதில்லை. போன மின்சாரத்தையும் வந்த மின்சாரத்தையும் வைத்துக் கணக்குப்பிள்ளை போல மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் பந்தயக் கார்கள். அவற்றில் பெரும்பாலும் பெட்ரோல் முள்ளே கிடையாது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு எவ்வளவு குடிக்கும், எத்தனை சுற்று என்று பெருக்கி, கொஞ்சம் கூட்டி, அளந்து ஊற்றி அனுப்புகிறார்கள். வேகமாக ஓடும் கார்தான் முள்ளை நம்பாமல் ஓடுகிறது என்பது விசித்திரம்.

தண்டலத்துப் பெரியவரும் எர்த்தைச் சரி செய்த பிறகு அதையேதான் செய்தார். டாங்கியை வடித்துவிட்டு, அளவுக் குவளையால் ஐந்தைந்து லிட்டராக ஊற்றச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முள் நின்ற இடத்தை ஓர் அட்டையில் குறித்தார். முள் கால் என்று காட்டுகையில் உண்மையில் எத்தனை லிட்டர் என்பது காருக்குக் கார் வேறுபடும் என்றார். ஸ்பிட்ஃபயரில் டாங்கி ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூடியைத் திறந்தால் நேரே கீழே இறங்கும். ஆகையால் ஒரு காய்ந்த மூங்கில் பிளாச்சைச் சீவி, அதிலும் ஐந்தைந்து லிட்டருக்கு ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். இரும்புக் கம்பி கூடாதாம், பொறி கிளம்பலாம். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகி விடுவதால் குச்சியை எடுத்த உடனே பார்த்துவிட வேண்டும்.